ஃபியோர்டுக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த நார்வே சுற்றுலாக் கட்டுரையின் படங்கள் கண்ணைப் பறித்தன. அதில் கொடுத்திருந்த பயணத் திட்டத்தை அப்படியே நம்பி யாராவது டிக்கெட் எடுத்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் இந்தக் கடிதம். ஏழு நாளில் நான்கு ஃபியோர்டு, மூன்று மலையேற்றம், நடுவில் ஒரு கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) சவாரி. மே முதல் அக்டோபர் வரை எந்த மாதமும் ஏற்றது. மழைக்கு ஒரு குடை போதும். கட்டுரையின் சாரம் இதுதான். மூன்றுமே சரியில்லை. மேற்கு நார்வேயின் மலைப்பாதைகளிலும் நீர்வழிகளிலும் புழங்குகிறவர்கள் என்ற முறையில், எது ஏன் சரியில்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் மாதம். ஃபியோர்டு என்பது பனியாறு ஆழமாக அறுத்துவிட்டுப் போன பள்ளத்தாக்கில் கடல் புகுந்து நிற்பது. அதனால் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம் வரை மலைச்சுவர் ஒரே இடத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. கீழே ஒரு பருவம் நடக்கும்போது மேலே வேறு பருவம் நடக்கும். மே மாதத்தில் ஹார்டாங்கர் ஃபியோர்டின் கரையில் ஆப்பிள் மரங்கள் பூத்துக் கிடக்கும்; அதே நாளில் அதற்கு மேலே உள்ள மேட்டுநிலம் வெள்ளையாக உறைந்திருக்கும். அந்தப் பனி உருகி வழிவதுதான் அருவி. ஆகவே, அருவிகள் பெருக்கெடுத்து விழுவதைப் பார்க்க வேண்டுமானால் மே கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை. உயரமான பாதைகளில் நடக்க வேண்டுமானால் ஜூலை நடுப்பகுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. இரண்டும் ஒரே வாரத்தில் முழுமையாகக் கிடைக்காது. கெய்ராங்கர் ஃபியோர்டின் 'ஏழு சகோதரிகள்' அருவியை ஆகஸ்ட் கடைசியில் பார்த்துவிட்டு, படத்தில் பார்த்தது இதுதானா என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. வறண்ட கோடையில் ஏழில் சில கிளைகள் கண்ணுக்கே தெரியாது. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் போதும் என்பவர்களுக்கு ஜூன் கடைசி வாரமும் ஜூலை முதல் வாரமும் பொருந்தும். அப்போது இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பது கூடுதல் வசதி.

கட்டுரையில் அக்டோபரில் போகலாம் என்று சொல்லப்பட்ட, மலைவிளிம்பில் நாக்குபோல் நீண்டு நிற்கும் ட்ரோல்துங்கா பாறைக்கான பாதையை எடுத்துக்கொள்வோம். ஷெக்கெடால் என்னும் இடத்தில் உள்ள இரண்டாம் எண் வாகன நிறுத்தத்திலிருந்து போய்வர 27 கிலோமீட்டர். பழக்கமுள்ளவர்களுக்கே பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அக்டோபர் தொடக்கத்தில் அங்கே பகல் பதினொன்றரை மணி நேரம். மாதக் கடைசியில் ஒன்பதுக்கும் கீழே. கணக்கு எங்கே இடிக்கிறது என்பது தெரிகிறதல்லவா? வழிகாட்டி இல்லாமல் தனியாகப் போவதற்கான பருவம் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரைதான் என்று அங்கு உள்ளவர்கள் வரையறுத்திருப்பது இதனால்தான். ஜூனிலும் முதல் இரண்டு வாரங்களில் பாதையில் பனி மிச்சமிருக்கும். அந்தப் பனிதான் குளிர்காலப் பனியைவிட மோசம். அடியில் உருகிய நீர் ஓடை ஓடையாக ஓடிக்கொண்டிருக்கும். மேலே மெல்லிய கூரை மட்டும் நிற்கும். வெயிலில் சூடேறிய பாறையை ஒட்டிய விளிம்பில் அந்தக் கூரை இன்னும் மெல்லியது. அங்கே கால் வைத்தால் தொடை வரை இறங்கிவிடும்; உள்ளே கல்லிடுக்கில் மாட்டினால் கணுக்கால் முறியும். பாறையோரத்தில் பனி காய்ந்திருப்பதுபோல் தெரிகிறதே என்று அங்கே மிதிக்கக் கூடாது. நடுவில், தண்ணீர்ச் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துக் கடக்க வேண்டும்.

தூரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. தொடக்கத்தில் உள்ள செங்குத்தான கொண்டை ஊசிச் சாலையை வண்டியில் ஏறி மூன்றாம் எண் நிறுத்தமான மோகெலிதொப்பில் இறங்கினால், நடை 20 கிலோமீட்டராகக் குறையும். ஆனால் அங்கே முப்பது கார்களுக்குத்தான் இடம். முன்பதிவு இல்லாமல் ஏறிப் போக முடியாது. கீழிருந்து அங்கு போகும் சிற்றுந்துக்கும் முன்கூட்டியே இடம் பிடித்துவிடுவது நல்லது. இவ்வளவும் செய்து போய்ச் சேர்ந்தால், அந்தப் பாறை நாக்கின் மேல் நின்று படம் எடுக்க ஜூலையில் நீண்ட வரிசை. வரிசையில் நிற்கும்போது வியர்த்த உடம்பு காற்றில் சில்லிட்டுப் போகும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் கருத்தைக் கேட்டால், ட்ரோல்துங்காவுக்கு இருக்கும் பெயர் அந்த ஒரு படத்துக்கானது, நடைக்கானது அல்ல.

லீசெ ஃபியோர்டின் மேல் நிற்கும் பிரைக்கெஸ்தோலன் வேறு வகை. கடல் மட்டத்திலிருந்து 604 மீட்டர் உயரத்தில் தட்டையான ஒரு பாறை மேடை. போக 4, வர 4 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பாதையின் செங்குத்தான பகுதிகளில் கல் படிகளை அமைத்தவர்கள் நேபாளத்து ஷெர்ப்பாக்கள் என்பது பலருக்குத் தெரியாது. நெருக்கமாகப் பொருத்தி, உறுதியாக அமைத்திருக்கிறார்கள். ஆனால் ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் விடியற்காலையில் அந்தப் படிகளில் வழிந்த நீர் கண்ணாடியாக உறைந்திருக்கும். காலணியின் அடியில் மாட்டும் ஆணிப் பட்டை இல்லாமல் ஏறினால், ஏறுவது கூட முடியும், இறங்குவதுதான் முடியாது. மேடையின் விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது. குழந்தைகளோடு போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு ஏற்பாடு இல்லை. நண்பகலில் நெரிசல், காலை ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள், அல்லது ஜூனில் மாலை ஐந்துக்குப் பிறகு.

அதே ஃபியோர்டின் உள்கோடியில் இருக்கும் ஷெராக் மலையை இதோடு சேர்த்து 'அரை நாள் நடை' என்று எழுதியிருப்பது ஆபத்தானது. போய்வர 11 கிலோமீட்டர்தான். ஆனால் மூன்று ஏற்றங்கள், நடுவே இரண்டு இறக்கங்கள். திரும்பும்போது அந்த இறக்கங்கள் மறுபடி ஏற்றமாகிவிடும். வழுவழுப்பான கிரானைட் பாறையில் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. மழையில் நனைந்தால் கால் பிடிப்பு போய்விடும், சங்கிலியும் கைக்கு வழுக்கும். ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மழை நாளில் போகவே வேண்டாம். பாறைப் பிளவில் சிக்கி நிற்கும் அந்தப் புகழ்பெற்ற உருண்டைக் கல்லின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதன் அடியில் வெறும் காற்றுதான், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர்.

இனி குடை விஷயம். மழையளவில் மேற்குக் கரையை மிஞ்ச ஐரோப்பாவில் அதிக இடங்கள் இல்லை. பெர்கன் நகரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆனால் அந்த மழை நேராக விழாது. காற்றோடு பக்கவாட்டில் வரும். மலையில் குடை விரித்தால் இரண்டு நிமிடத்தில் கம்பிதான் மிஞ்சும், அதைவிட முக்கியமாக, பிடித்து ஏற வேண்டிய கை அதில் மாட்டிக்கொள்ளும். மேலுக்கும் காலுக்கும் தனித்தனியாக நீர்புகா உடை வேண்டும். உடம்பை ஒட்டி அணிவது கம்பளி நூல் சட்டையாக இருக்கட்டும். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயாது, நின்றவுடன் உடம்புச் சூட்டை வெளியே இழுத்துவிடும். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை வெப்பம் குறையும். ஜூலையில் கரையில் 17 பாகை இருந்தால் 1,100 மீட்டரில் பத்து, பதினொன்று. நொடிக்குப் பத்து மீட்டர் காற்றும் அடித்தால் உடம்புக்கு அது ஆறேழு பாகைபோலத்தான் உறைக்கும்.

ஒரு நாள் நடைக்கு 25 முதல் 30 லிட்டர் பை போதும். மாற்றுக் கம்பளிச் சட்டை ஒன்று, கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, ஜூலையானாலும் குல்லாயும் கையுறையும், நெற்றி விளக்கு, சீழ்க்கை, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, மின்னேற்றும் பவர் பேங்க், காகித வரைபடம். இவற்றோடு, இரண்டு பேர் உட்கார்ந்து தலைவரை இழுத்து மூடிக்கொள்ளக்கூடிய காற்றுத் தடுப்புப் பை ஒன்று. கடைசியில் சொன்னதை வெளிநாட்டுப் பயணிகள் பையில் காண்பதே அரிது. ஒருவருக்குக் கால் பிசகி, உதவி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றால், அந்த மூன்று மணி நேரத்தை அந்தப் பைதான் தாங்கிக் கொடுக்கும். தண்ணீரை மூன்று நான்கு லிட்டராகச் சுமக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் குடுவை போதும், குடியிருப்புக்கும் மேய்ச்சலுக்கும் மேலே வேகமாக ஓடும் ஓடையில் நிரப்பிக்கொள்ளலாம். காலணி கணுக்காலை மூடியதாக, ஏற்கெனவே பழகியதாக இருக்க வேண்டும். பயணத்துக்கென்று புதிதாக வாங்கிய காலணி ஐந்தாவது கிலோமீட்டரில் தன் வேலையைக் காட்டும்.

முதல் நாள் மாலையே வானிலை பார்க்க வேண்டும். நார்வே வானிலை நிறுவனமும் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் 'ஒய்ஆர்' சேவை இலவசம், மணிவாரியாகச் சொல்லும். அதில் பலர் செய்யும் பிழை, தங்கியிருக்கும் ஊரின் பெயரைத் தேடுவது. ஊர் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஏறப்போகும் மலையின் பெயரைத் தேடுங்கள். வெயில் படத்தைப் பார்க்காமல் காற்றின் எண்ணைப் பாருங்கள். திறந்த மேட்டுநிலத்தில் நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் என்றால் விளிம்புப் பக்கம் போகாமல் பள்ளத்தாக்கு நடையாக மாற்றிக்கொள்வோம். பாதைகளில் நார்வே மலையேற்றச் சங்கம் கல் குவியல்களிலும் பாறைகளிலும் சிவப்பு 'டி' எழுத்து வரைந்திருக்கும். 1868-இல் தொடங்கிய சங்கம் அது. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று பாதைகளைக் கடினத்தின் வரிசையில் பிரித்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: அங்கே 'நீலம்' என்றால் நடுத்தரம் என்பது, வாரக் கடைசியில் மலையேறுவதையே வழக்கமாகக் கொண்ட மக்களுக்கான அளவுகோல். மூடுபனி இறங்கினால் ஒரு சிவப்பு எழுத்திலிருந்து அடுத்தது தெரியாது. தெரியும் கடைசி அடையாளத்தில் நிற்க வேண்டும். அடுத்ததைத் தேடி ஆளுக்கு ஒரு திசையில் போகக் கூடாது.

அந்நாட்டில் மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. அவற்றில் எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்கிறது. இதைச் செயலாக மாற்றுவது எளிது. புறப்படும் முன்பே திரும்பும் மணியைக் குறித்துவிடுங்கள். பன்னிரண்டு மணி நேர நடைக்குக் காலை ஏழுக்குக் கிளம்பினால், பகல் ஒன்றுக்கு எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும், உச்சி இருநூறு மீட்டரில் தெரிந்தாலும். மேலே போய் முடிவெடுக்கலாம் என்றால் அந்த முடிவை எடுப்பது களைப்பும் ஆசையும்தான். திரும்பும் வழியில்தான் முழங்கால் தளரும், அடி தப்பும் என்பதால் இறக்கத்துக்கான நேரத்தை ஏற்றத்தைவிடக் குறைத்துப் போடாதீர்கள்.

கயாக் பற்றிக் கட்டுரை இரண்டே வரியில், "அமைதியான நீர், யாரும் ஓட்டலாம்" என்று முடித்துவிட்டது. இங்கேதான் நாங்கள் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபியோர்டு நீர் பார்க்க ஏரிபோல் இருக்கும். ஆனால் அது கடல், அதுவும் குளிர்ந்த கடல். வசந்தத்தில் ஐந்து முதல் எட்டுப் பாகை. நல்ல கோடையில் மேற்பரப்பு 15-ஐத் தொடலாம், பனியாற்று நீர் வந்து கலக்கும் இடங்களில் அதுவும் இல்லை. உருகிய பனிநீர் உப்பு நீரைவிட இலேசானது என்பதால் மேலே தனி அடுக்காக மிதக்கும். நீங்கள் விழுவது அந்த அடுக்கில்தான்.

மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை நீர்ப் பாதுகாப்புப் பயிற்சியாளர்கள் மூன்று கட்டமாகச் சொல்வார்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது; தன்னையறியாமல் இழுக்கும் அந்த மூச்சில் தலை நீருக்குள் இருந்தால் முடிந்தது. அடுத்த பத்து நிமிடம் கைவிரல்கள் வேலை செய்யும். கவிழ்ந்த கயாக்கில் ஏறுவது, சீழ்க்கை ஊதுவது, தொலைபேசியை எடுப்பது எல்லாம் அதற்குள். பிறகு விரல் மடங்காது. நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதாவது உடம்பு விறைத்துச் சாவதற்கு வெகு முன்பே, நன்றாக நீந்தத் தெரிந்தவரும் கை ஓய்ந்து மூழ்குகிறார். உயிர்காப்பு உடுப்பின் பயன் இதில்தான். நார்வே சட்டப்படி எட்டு மீட்டருக்குக் குறைவான உல்லாசப் படகுகளில் போகும்போது அதை அணிந்தே இருக்க வேண்டும். கயாக்கும் அதில் அடங்கும். கழற்றிப் பின்னால் கட்டிவைப்பது சட்டத்துக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது. நீர் 15 பாகைக்குக் கீழே என்றால் கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் அடைப்புள்ள உலர் உடை கேளுங்கள். உடை கொடுக்காமல் கயாக்கை மட்டும் வாடகைக்குத் தள்ளிவிடுகிற இடத்தில் எடுக்காதீர்கள். பழகியவர் என்பதற்கு அங்கே ஒரு பயிற்சி அட்டை முறை இருக்கிறது. அது இல்லாதவர்களுக்குப் பல இடங்களில் தனியாகக் கொடுக்க மாட்டார்கள். கோபப்பட வேண்டாம், வழிகாட்டியோடு போகும் குழுவில் சேருங்கள்.

காற்று இன்னொரு விஷயம். வெயில் நாளில் காலையில் நீர் அசையாமல் கிடக்கும். பகலில் உள்நிலம் சூடேற ஏற, கடலிலிருந்து காற்று ஃபியோர்டுக்குள் இழுக்கப்படும். இரண்டு பக்கமும் மலை என்பதால் குழாய்க்குள் ஊதியதுபோல் வேகம் பிடிக்கும். காலையில் காற்று இல்லையே என்று வெளிப்பக்கமாக எட்டு கிலோமீட்டர் துடுப்புப் போடலாம்; திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். உள்பக்கமாகப் போனவர் பிற்பகலில் எதிர்காற்றில் மாட்டுவார். ஆகவே உள்ளே போகும் நாளில் மதியத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள். பக்கப் பள்ளத்தாக்குகள் வந்து சேரும் வாயில்களில் மேலிருந்து குளிர்காற்று திடீரென்று விழும். அந்த இடங்களில் துடுப்பைத் தாழ்வாகப் பிடித்துக் கடக்க வேண்டும். செங்குத்துப் பாறையை ஒட்டிப் போவது பாதுகாப்பு என்ற நினைப்பும் தவறு. கப்பலோ விரைவுப் படகோ போன பிறகு வரும் அலை பாறையில் மோதித் திரும்பி, வரும் அலையோடு சேர்ந்து செங்குத்தாகக் குதிக்கும். பாறையிலிருந்து முப்பது நாற்பது மீட்டராவது தள்ளி நின்று, மூக்கை அலைக்கு நேரே திருப்புங்கள். கரையேற முடியாத பாறைச் சுவர் எத்தனை கிலோமீட்டர், அடுத்த இறங்குமிடம் எங்கே என்பதை வரைபடத்தில் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்பது நல்ல நாளின் வேகம். எதிர்காற்றில் அதில் பாதிகூட வராது.

புதியவர்களுக்கு நாங்கள் சொல்லும் இடம் நேரோய் ஃபியோர்டு. சோக்ன ஃபியோர்டின் கிளையின் கிளை. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். கெய்ராங்கரோடு சேர்த்து 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. பக்கத்துச் சிற்றூர்களான ஃப்ளோம் அல்லது அவுர்லாந்தில் நான்கு இரவு தங்கினால் போதும். ஃபியோர்டு என்பது என்ன என்று விளங்கிவிடும். ஃப்ளோமிலிருந்து நேரோய் ஃபியோர்டின் கோடியில் உள்ள குட்வாங்கனுக்கு மின்படகில் இரண்டு மணி நேரம் ஒரு நாள். வழிகாட்டியோடு கயாக் ஒரு நாள். எஸ்தெர்பேயிலிருந்து வாஸ்பிக்தி வரை அவுர்லாந்து பள்ளத்தாக்கு நடை ஒரு நாள்: ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம், கைவிடப்பட்ட பழைய பண்ணை வீடுகள் வழியாகப் போகும், பேருந்தில் மேலே போய் நடந்து கீழே வரலாம். நான்காவது நாள் மழைக்கு. மழைக்கென்று ஒரு நாள் ஒதுக்காத திட்டம், முதல் மழையிலேயே ஆபத்தான திட்டமாகிவிடும், ஏனென்றால் போட்ட காசுக்காகப் போயே ஆக வேண்டும் என்று தோன்றும்.

சைக்கிள் பிடித்தவர்களுக்கு அதே பக்கத்தில் ரல்லார்வேகன் இருக்கிறது. பெர்கன் ரயில்பாதை போட்ட தொழிலாளர்களுக்காக அமைத்த பழைய சரளைச் சாலை. ஹெளகாஸ்தோலில் தொடங்கி, 1,222 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபின்சே வழியாக ஃப்ளோம் வரை எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜூலை நடுப்பகுதிக்கு முன் பனியில் சைக்கிளைத் தோளில் தூக்க நேரும். வழியில் உள்ள மிர்தால் ரயில் நிலையத்துக்குக் கீழே சரளையில் தொடர் கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் கட்டை தேயும், வட்டு கொதிக்கும். நேர்ப்பகுதியில் விட்டு, வளைவுக்கு முன் அழுத்த வேண்டும். அந்த வளைவுகளில் இறங்கி உருட்டிக்கொண்டு நடப்பது இன்னும் நல்லது. முடியாதவர்கள் மிர்தாலில் ஃப்ளோம் ரயிலில் ஏறிவிடலாம்: இருபது கிலோமீட்டரில் 866 மீட்டர் இறங்குகிறது, ஒரு மணி நேரம். சைக்கிளுக்கும் இடம் முன்பதிவு செய்ய வேண்டும்.

நான்கு ஃபியோர்டுத் திட்டம் ஏன் நடக்காது என்பதற்குச் சாலையைப் பார்த்தால் போதும். பிரைக்கெஸ்தோலனிலிருந்து, ட்ரோல்துங்காவுக்கு அருகில் உள்ள ஒட்டா (Odda) 200 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நடுவில் படகில் ஏறிக் கடக்க வேண்டும், பல இடங்களில் ஒரு வண்டி மட்டும் போகும் அகலம், எதிரே பேருந்து வந்தால் ஒதுங்குமிடம் வரை பின்னால் எடுக்க வேண்டும். நான்கு மணி நேரம் போய்விடும். ஃப்ளோமிலிருந்து கெய்ராங்கருக்கு ஐந்தாறு மணி நேரம். வரைபடச் செயலி சொல்லும் நேரத்தில் படகுக்குக் காத்திருப்பது சேராது. ட்ரோல்ஸ்டிகன், அவுர்லாந்து மலைச்சாலை, ஷெராக்குக்குப் போகும் சாலை எல்லாம் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். மே அல்லது ஜூனில்தான் திறப்பார்கள். ட்ரோல்ஸ்டிகனை 2024-இல் கல் விழுவதால் பருவத்தின் நடுவிலேயே மூடினார்கள். முன்விளக்கு பகலிலும் எரிய வேண்டும். மதுவுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு இரத்தத்தில் 0.02 விழுக்காடு, அதாவது குடித்தால் ஓட்டாதே என்று பொருள். சுங்கமும் பெரும்பாலான படகுக் கட்டணமும் எண் பலகையைப் படித்துத் தானாகக் கணக்கில் ஏறும். வாடகைக் கார் என்றால் பில் பிறகு வரும்.

கெய்ராங்கர் போகத்தான் வேண்டும் என்பவர்கள் பக்கத்து ஊரான ஹெல்லெசில்டிலிருந்து படகில் நுழையுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெரிய கப்பல்கள் நங்கூரமிடும் நாள்களில் சில நூறு பேர் வாழும் கெய்ராங்கர் சிற்றூரில் ஆயிரக்கணக்கானோர் இறங்குவார்கள். அன்று ஊருக்குள் நிற்காமல், வெஸ்தெரோஸ் பண்ணையிலிருந்து ஸ்தூர்செத்தர் அருவிக்கு நடந்து, விழும் நீரின் பின்புறம் போய்ப் பாருங்கள். படகில் போய்ப் பாறையோரம் இறங்கி, 250 மீட்டர் செங்குத்தாக ஏறினால் ஸ்காகெஃப்லோ என்னும் கைவிடப்பட்ட பண்ணை. உயரம் பழகாதவர்களுக்கு வேண்டாம். உலக மரபுப் பட்டியலில் உள்ள இந்த ஃபியோர்டுகளில் 2026 ஜனவரி 1 முதல் 10,000 மொத்த டன்னுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்கள் புகை உமிழாமல் ஓட வேண்டும் என்பது விதி; பெரியவற்றுக்கு 2032 வரை காலம் கொடுத்திருக்கிறார்கள். இதனால் பழைய படகு அட்டவணைகளை நம்ப வேண்டாம்.

இதே பக்கத்தில் ஓக்கர்னெஸ் என்ற மலைச்சரிவு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் விரிகிறது. அது மொத்தமாக ஃபியோர்டில் சரிந்தால் எழும் அலை ஹெல்லெசில்டையும் கெய்ராங்கரையும் மூழ்கடிக்கும். கற்பனை அல்ல, 1934 ஏப்ரல் 7-ஆம் தேதி பக்கத்துத் தாஃபியோர்டில் பாறை விழுந்து எழுந்த அலை 60 மீட்டருக்கு மேல் ஏறி 40 பேரைக் கொண்டுபோனது. இப்போது அந்தச் சரிவை இரவு பகலாகக் கருவிகள் அளந்துகொண்டிருக்கின்றன. சரிவதற்கு முன்பே எச்சரிக்க முடியும் என்பதே ஏற்பாடு. பயந்து போகாமலிருக்க வேண்டியதில்லை. சைரன் ஒலித்தால் பொருள்களை எடுக்கத் திரும்பாமல் பலகை காட்டும் மேட்டுக்கு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூடாரம் பற்றி ஒரு திருத்தம். "எங்கு வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம்" என்பது அரைகுறை. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் வேலியடைக்காத, பயிரிடாத நிலத்தில்தான் அந்த உரிமையைத் தருகிறது. வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு இரவு வரை. ஃபியோர்டுக் கரையில் சமதளமாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் யாரோ புல் வளர்க்கும் வயல். பாறைச் சரிவின் அடியில் விசிறிபோல் கற்கள் பரந்திருக்கும் இடம் சமமாக இருந்தாலும் அங்கே படுக்காதீர்கள். அந்தக் கற்கள் மேலிருந்து வந்தவை, இன்னும் வரும், பலத்த மழைக்குப் பின் நிச்சயமாக. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் திறந்த நெருப்பு கூடாது. கடலில் தூண்டில் போட உரிமம் வேண்டாம். சால்மன் ஆறுகளுக்கு வேண்டும், தூண்டிலையும் காலணியையும் கிருமிநீக்கம் செய்த பிறகே இறங்க வேண்டும், ஓர் ஒட்டுண்ணி ஆற்றுக்கு ஆறு பரவுகிறது. தாழ்வான புதர்ப் பாதைகளில் உண்ணி உண்டு. மாலையில் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு: ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் எல்லோரும் எடுப்பார்கள். நார்வேயில் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்பதற்குக் கட்டணம் இல்லை, மருத்துவமனைக்கு உண்டு. மலையேற்றத்தையும் கயாக்கையும் 'சாகச விளையாட்டு' என்று விலக்கி வைக்கும் பாலிசிகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வழி தவறினால் 112. காவல் துறைதான் தேடுதலை நடத்துகிறது. காயம் என்றால் 113. கடலில் 120. 'ஹெல்ப் 113' என்ற செயலி அழைக்கும்போதே இருக்கும் இடத்தை அனுப்பிவிடும். ஃபியோர்டின் மடிப்புகளில் சிக்னல் போய்விடும் என்பதால், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று தங்கும் விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பியதும் மறக்காமல் சொல்லவும் வேண்டும். பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருப்பவரைத் தேடித் தன்னார்வலர்கள் இரவில் மலையேறுவது நியாயமில்லை.

தங்கள் இணைப்பில் இனி இத்தகைய பயணத் திட்டம் வரும்போது, படத்தின் கீழே அது எடுக்கப்பட்ட மாதத்தையும், நடையின் தூரத்தையும் மணி நேரத்தையும், சாலை திறக்கும் பருவத்தையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேற்கு நார்வே மலைப்பாதைகளில் நடக்கும் வாசகர்கள் சிலர்